பீமை எங்கே வைப்பது, எதுவரை நீட்டுவது: பிடிஎம்எஸ், ஈ3டி-யில் ஸ்டீல் மாடலிங்குக்கு முழுமையான வழிகாட்டி

ஆலைகளை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் மென்பொருளான பிடிஎம்எஸ்ஸிலும் அதன் வழிவந்த அவேவா ஈ3டி-யிலும் நேரான ஸ்டீல் உறுப்பு எதுவானாலும் அதை மூன்று தகவல்கள் நிறுத்தி வைக்கின்றன: தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, அந்த இரண்டுக்கும் நடுவே ஓடும் கோட்டின்மீது புரொஃபைலின் (உறுப்பின் குறுக்குவெட்டு வடிவம்) எந்தப் பகுதி உட்காருகிறது என்பது. முதல் இரண்டையும் எல்லோரும் கவனமாகக் கொடுக்கிறார்கள். மூன்றாவதை மென்பொருள் தந்த இயல்பு மதிப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். குழாய்களைத் தாங்கும் பைப் ரேக்கில் பீம் 150 மி.மீ. உயர்ந்து நிற்பதற்கும், சைஸ் மாற்றியதும் கிரேட்டிங் (நடைதளக் கம்பித்தட்டு) மட்டம் கெடுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எனவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: எந்த முகம் அசையக் கூடாது என்று முடிவு செய்வது முதலில், புள்ளிகளைக் கொடுப்பது அடுத்து, முனைகளை நீட்டுவதோ குறைப்பதோ கடைசியில். கீழே வரும் எண்கள் எல்லாம் ஒரே பைப் ரேக்கைச் சேர்ந்தவை. நீங்களும் ஒரு சோதனை புராஜெக்ட்டில் இதைக் கட்டிப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டு பைப் ரேக்

ரேக் கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஃபிரேம்களுக்கு இடையே 6000 மி.மீ., ஒரு ஃபிரேமின் இரண்டு தூண்களுக்கு இடையே வடக்கு தெற்காக 6000 மி.மீ. தூண்கள் ஹெச்ஈபி 300: ஆழம் 300, அகலம் 300, வெப் (நடுத் தகடு) தடிமன் 11, ஃபிளேஞ்ச் (இரு ஓரத் தகடுகள்) தடிமன் 19. பீம்கள் ஐபிஈ 300: ஆழம் 300, அகலம் 150, வெப் 7.1, ஃபிளேஞ்ச் 10.7, மீட்டருக்கு 42.2 கிலோ. துணை பீம்கள் ஐபிஈ 200. இந்திய புராஜெக்ட்டுகளில் டபிள்யூபிபி 300, என்பிபி 300 என்ற பெயரில் இதே அளவுகள் கிடைக்கும். ஐஎஸ்எம்பி 300-ஐப் பயன்படுத்தினால் அகலம் 140 ஆகிவிடும், ஃபிளேஞ்சின் உள்முகமும் சாய்வாக இருக்கும். அதனால் கீழே வரும் கழித்தல் கணக்குகளைத் திரும்பப் போட வேண்டும்.

பெடஸ்டலின் (கான்கிரீட் அடிபீடம்) மேல்மட்டம் 300. கிரௌட் (நிரப்புச் சாந்து) 25, பேஸ் பிளேட் 25. முதல் அடுக்கின் ஸ்டீல் மேல்மட்டம் 5000, தூணின் உச்சி 7000.

மாடலில் செக்‌ஷன் இருக்கும் இடம்

சைட், ஸோன், ஸ்ட்ரக்சர், ஃபிரேம்வொர்க், தேவையானால் சப்-ஃபிரேம்வொர்க், அதற்குக் கீழே செக்‌ஷன். மரத்தில் செக்‌ஷன் எஸ்சிடிஎன் என்ற பெயரில் தெரியும். அதன் பண்புகளில் நமக்கு வேண்டியவை இவை:

- போஸ்-எஸ், போஸ்-இ: தொடக்கம், முடிவு.
- ஜேயுஎஸ்எல்: இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டில் எந்த பி-லைன் (புரொஃபைலின் நீளவாக்கில் ஓடும், பெயரிட்ட குறிப்புக்கோடு) உட்கார வேண்டும் என்பது.
- பேங்: அந்தக் கோட்டைச் சுற்றி புரொஃபைல் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்பது. பீட்டா கோணம் என்பது இதைத்தான்.
- டிஆர்என்எஸ், டிஆர்என்இ: இரு முனைகளின் வெட்டுத் தளம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது.
- ஸ்பெக் ரெஃபரன்ஸ்: கேட்டலாக்கில் எந்த சைஸ் என்பது.

நீளம் என்று தனியாக ஒரு பண்பை நாம் கொடுப்பதில்லை. இரு புள்ளிகளின் தூரம்தான் நீளம். ஆகவே நீட்டுவது என்றாலே ஏதாவது ஒரு முனைப் புள்ளியை நகர்த்துவதுதான். அந்தப் புள்ளி பீமின் அச்சிலேயே நகர்கிறதா, அச்சைவிட்டு விலகுகிறதா என்பதைப் பொறுத்தே வேலை சரியாகவோ தவறாகவோ முடியும்.

பி-லைன்: முதலில் முடிவு செய்ய வேண்டியது

ஐ வடிவப் புரொஃபைலுக்கு கேட்டலாக்கில் பல பி-லைன்கள் இருக்கும். என்ஏ என்பது நடு அச்சு. டிஓஎஸ் மேல் ஃபிளேஞ்சின் மேல்முகத்தின் நடு. பாட்டம் ஆஃப் ஸ்டீல் அதற்கு நேர் கீழே உள்ள அடிமுகம். எல்டிஓஎஸ், ஆர்டிஓஎஸ் மேல் ஃபிளேஞ்சின் இடது, வலது ஓரங்கள். என்ஏஎல், என்ஏஆர் வெப்பின் இரு முகங்கள்.

ஐபிஈ 300 பீமை மட்டம் 5000-இல் வைத்து, ஜேயுஎஸ்எல்-ஐ என்ஏ என்றே விட்டுவிட்டால் ஸ்டீலின் மேல்மட்டம் 5150-க்குப் போய்விடும். இது உடனே கண்ணில் படும், சரி செய்துவிடலாம். ஆபத்தானது இன்னொரு வழி. ஒருவர் 150-ஐக் கழித்து, என்ஏ-வை 4850-இல் வைக்கிறார். மேல்மட்டம் 5000, படத்திலும் சரியாகத் தெரிகிறது. இரண்டு மாதம் கழித்து ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் அந்த பீமை ஐபிஈ 360 ஆக்கச் சொல்கிறார். ஸ்பெக்கை மாற்றியதும் மேல்மட்டம் 4850 + 180, அதாவது 5030. அதன்மேல் உட்காரும் பைப் ஷூக்கள் எல்லாம் 30 மி.மீ. ஸ்டீலுக்குள் புதைந்திருக்கும். ஜேயுஎஸ்எல் டிஓஎஸ் ஆக இருந்திருந்தால் மேல்மட்டம் 5000-இலேயே நிற்கும், அடிமட்டம் மட்டும் 4700-இலிருந்து 4640-க்கு இறங்கும்.

ஆக, விதி எளிது. சைஸ் மாறினாலும் எந்த முகம் அதே இடத்தில் நிற்க வேண்டுமோ, அந்த முகத்தின் பி-லைனை எடுங்கள். தள பீம், பைப் தாங்கும் பீம்: டிஓஎஸ். மோனோரயில் பீம்: ஹாய்ஸ்ட் அடி ஃபிளேஞ்சில் ஓடுவதால் பாட்டம் ஆஃப் ஸ்டீல். கிரிட்டின் (டிராயிங்கின் அச்சுக்கோடுகள்) நடுவில் நிற்கும் தூண், பிரேசிங் (சாய்வாக நின்று தாங்கும் உறுப்பு): என்ஏ. கிளாடிங் தாங்கும் சுவர் பக்க உறுப்புகளுக்கு வெளிமுகத்தில் இருக்கும் பி-லைன்.

பண்பை நேராக மாற்றும்போது ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். புள்ளிகள் அப்படியே நிற்கும், ஸ்டீல்தான் நகரும். மட்டம் 4850-இல் என்ஏ-வுடன் நிற்கும் பீமில் ஜேயுஎஸ்எல்-ஐ மட்டும் டிஓஎஸ் ஆக்கினால் பீம் 150 இறங்கிவிடும். அதே கையோடு இரு புள்ளிகளையும் 150 உயர்த்த வேண்டும்.

தூணில் இந்தப் பெயர்கள் குழப்பும். செங்குத்தாக நிற்கும் செக்‌ஷனிலும் டிஓஎஸ் என்ற பி-லைன் இருக்கும். ஆனால் அது தூணின் உச்சி அல்ல, ஒரு ஃபிளேஞ்சின் வெளிமுகம். பாட்டம் ஆஃப் ஸ்டீல் எதிர் ஃபிளேஞ்சின் வெளிமுகம். பீமைத் தூணின் முகம்வரை நீட்டும்போது இந்த இரண்டும் மிகவும் உதவும்.

ஆயத்தொலை யாருடையது

போஸ்-எஸ், போஸ்-இ மதிப்புகள் உரிமையாளரின் ஆயத்தொலையில் சேமிக்கப்படுகின்றன. ஃபிரேம்வொர்க் பூஜ்யத்தில் இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் பல புராஜெக்ட்டுகளில் ஸ்ட்ரக்சரின் தொடக்கமே ரேக்கின் முதல் கிரிட்டில் இருக்கும், தரைமட்டமும் 100000 என்று எடுக்கப்பட்டிருக்கும். அங்கே டிராயிங்கில் உள்ள 105000-ஐ அப்படியே தட்டினால் பீம் இருக்க வேண்டிய இடத்தைவிட 100 மீட்டர் மேலே போய்விடும். பீமைக் காணவில்லை என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் சிக்கியிருப்பார்கள்.

பிளான்ட் ஆயத்தொலையைக் கொடுக்கும்போது எப்போதும் வேர்ல்டை (மாடல் முழுவதற்கும் பொதுவான ஆயத்தொலை) பொறுத்து என்று சேர்த்துக் கொடுங்கள். கேட்கும்போதும் அப்படியே வேர்ல்டைப் பொறுத்துக் கேளுங்கள். ஃபிரேம்வொர்க் திருப்பி வைக்கப்பட்டிருந்தால் கிழக்கு என்பதே வேறு பக்கமாகிவிடும் என்பதால், எண்ணோடு திசையையும் சரிபார்க்க வேண்டும்.

தூணை வைத்தல்

1. ஸ்பெக்கில் ஹெச்ஈபி 300, ஜேயுஎஸ்எல் என்ஏ.
2. தொடக்கம்: கிழக்கு 0, வடக்கு 0, மட்டம் 350. பெடஸ்டல் 300, கிரௌட் 25, பேஸ் பிளேட் 25 சேர்ந்தது அது. தூணைப் பெடஸ்டலின் மேல்மட்டத்திலிருந்தே தொடங்குவது சாதாரணமாக நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு தூணும் பேஸ் பிளேட்டைத் துளைத்து நிற்கும், வெட்டு நீளமும் 50 மி.மீ. கூடுதலாகப் பட்டியலில் போகும்.
3. முடிவு: அதே கிழக்கு, வடக்கு, மட்டம் 7000. நீளம் 6650.
4. பேங் கோணத்தைச் சரிபாருங்கள். ரேக்கின் குறுக்கு ஃபிரேம்தான் பக்கவாட்டு விசையைத் தாங்குகிறது என்றால், தூணின் வெப் வடக்கு தெற்காக ஓட வேண்டும், ஃபிளேஞ்ச் முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்க்கும் பிளான் வியூவில் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தவறாக இருந்தால் பேங் 90.

தொடக்கம் எப்போதும் கீழே, முடிவு எப்போதும் மேலே என்று குழு முழுவதும் ஒரே வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பீம்களுக்கு மேற்கிலிருந்து கிழக்கு, தெற்கிலிருந்து வடக்கு. நாற்பது தூண்களின் முடிவு முனையை ஒரே தடவையில் நீட்டும்போது, அவற்றில் மூன்று மட்டும் தலைகீழாக வரையப்பட்டிருந்தால் அந்த மூன்றும் தரைக்குள் நீளும்.

குறுக்கு பீம்: மையத்திலிருந்து முகத்துக்கு

முதலில் கிரிட்டிலிருந்து கிரிட்டுக்கு வரையுங்கள். ஐபிஈ 300, ஜேயுஎஸ்எல் டிஓஎஸ், வடக்கு 0-இலிருந்து 6000, மட்டம் 5000. இப்போது பீம் இரு தூண்களின் நடுவரை நுழைந்திருக்கும். ஃபிளேஞ்ச் முகத்துக்கு 150, எண்ட் பிளேட்டுக்கு (பீம் முனையில் வெல்ட் செய்யும் தகடு) 20 ஆக ஒவ்வொரு முனையிலும் 170 குறைய வேண்டும். தொடக்கம் வடக்கு 170, முடிவு வடக்கு 5830, நீளம் 5660.

இந்த 340 மி.மீ. சிறிதல்ல. ஒரு பீமுக்கு 14.3 கிலோ. இதுபோல 200 பீம்கள் உள்ள ரேக்கில் சுமார் 2.87 டன் இல்லாத ஸ்டீல் கணக்கில் ஏறும். கிளாஷ் அறிக்கையிலும் ஒவ்வொரு பீம் முனையும் ஒரு வரியாக வந்து, உண்மையான மோதல்களை மறைத்துவிடும்.

முனையை நகர்த்த நான்கு வழிகள் உண்டு. மெனுவின் பெயர் பிடிஎம்எஸ்ஸுக்கும் ஈ3டி-க்கும் வேறுபட்டாலும் செயல் ஒன்றுதான்.

தூரம் கொடுத்து நீட்டுவது: தேர்ந்தெடுத்த முனையை பீமின் அச்சிலேயே இத்தனை மி.மீ. நகர்த்தும். கூட்டல் மதிப்பு நீட்டும், கழித்தல் மதிப்பு குறைக்கும். இங்கே இரு முனைக்கும் −170. முனை எது என்று தேர்ந்தெடுத்ததும் திரையில் தெரியும் தொடக்க, முடிவுக் குறிகளைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இன்னொரு உறுப்புவரை நீட்டுவது: தூணின் ஃபிளேஞ்ச் முகத்தில் உள்ள பி-லைனைத் தொட்டால் பீம் அச்சு அந்தத் தளத்தை வெட்டும் இடத்துக்கு முனை போகும். பிறகு எண்ட் பிளேட்டுக்கு −20. தூண்கள் வெவ்வேறு சைஸில் கலந்து நிற்கும் ரேக்கில் இதுவே சிறந்தது, ஏனென்றால் 150, 180 என்று மனதில் கணக்குப் போட வேண்டியதில்லை. தொடும்போது தெரியாமல் என்ஏ-வைத் தொட்டுவிட்டால் பீம் நடுவிலேயே நிற்கும். எந்த பி-லைன் பிடிபட்டது என்பதைத் தகவல் பட்டையில் பாருங்கள்.

புள்ளியை நேராக எழுதுவது: போஸ்-எஸ் அல்லது போஸ்-இ-க்குப் புதிய ஆயத்தொலை. நேரான, கிரிட்டுக்கு இணையான பீமுக்கு நல்லது. சாய்வான உறுப்புக்கு ஆபத்து. ஏன் என்பது பிரேசிங் பகுதியில் வருகிறது.

கைப்பிடியை இழுப்பது: ஈ3டி-யின் மாடல் எடிட்டரில் வேகமான வழி. ஆனால் இழுவையின் படி அளவைக் கட்டுப்படுத்தாமல் இழுத்தால் நீளம் 5659.87 என்பதுபோல் வந்து நிற்கும். அந்தப் பின்னம் அப்படியே ஃபேப்ரிகேஷன் டிராயிங்குக்குப் போகும். இழுத்து முடித்தபின் எண்ணைத் திருத்தும் பழக்கம் வேண்டும்.

முழு பீமையும் நகர்த்துவது வேறு, ஒரு முனையை நகர்த்துவது வேறு. மட்டத்தை 100 உயர்த்த வேண்டும் என்றால் உறுப்பை மொத்தமாக 100 மேலே நகர்த்துங்கள். போஸ்-எஸ்ஸை மட்டும் மாற்றினால் பீம் சாயும். 5660-க்கு 100 என்பது சுமார் ஒரு டிகிரி, திரையில் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம்.

நீளவாக்கு பீம்: இங்கே எதுவரை நீட்டுவது என்பதே கேள்வி

கிழக்கு மேற்காக ஓடும் பீம் தூணின் வெப்பில் சேர்கிறது. வெப்பின் பாதி 5.5, இடைவெளி 10. ஒவ்வொரு முனையும் கிரிட்டிலிருந்து 15.5-இல் நிற்கும், நீளம் 5969. ஹெச்ஈபி 300-இல் வெப்பும் ஃபிளேஞ்சும் சேரும் உள்வளைவுகளைத் தவிர்த்துக் கிடைக்கும் நேரான இடம் 208. ஐபிஈ 300-இன் அகலம் 150. இருபுறமும் 29 மீதி, ஆகவே நுழையும். ஐபிஈ 500 என்றால் அகலம் 200, இருபுறமும் 4 மட்டுமே. ஐபிஈ 600-இன் 220 அந்த நேரான இடத்தைத் தாண்டிவிடும், ஃபிளேஞ்சை வெட்ட வேண்டியிருக்கலாம்.

மாடலில் நுழைந்துவிட்டது என்பதால் தளத்தில் நுழைந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரு வெப் முகங்களுக்கு இடையே 5989. பீமைச் சாய்த்து இறக்கும்போது அதன் மூலைவிட்டம் 5976.5. வெறும் தூணாக இருந்தால் இறங்கும். ஆனால் வெப்பில் ஃபின் பிளேட் (பீமை போல்ட் போட்டு இணைக்கும் தகடு) ஏற்கெனவே வெல்ட் செய்யப்பட்டிருக்கும், பீமின் ஃபிளேஞ்ச் அதில் இடிக்கும். போல்ட் முடுக்கும் ஸ்பேனருக்கும் ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே இடம் குறைவு. ஆகவே ஃபின் பிளேட்டை ஃபிளேஞ்ச் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டி, பீமைக் கிரிட்டிலிருந்து 160-இல் நிறுத்துவது பல இடங்களில் சரியான தேர்வு. அப்போது நீளம் 5680. நீண்ட பிளேட்டால் இணைப்பில் விலகல் திருப்புவிசை கூடும் என்பதால் இதை மாடலர் தனியாக முடிவு செய்யக் கூடாது. இணைப்பு டிசைன் செய்பவரிடம் கேட்டுவிட்டு நீட்டுங்கள். இரண்டுக்கும் ஒரு பீமுக்கு 289 மி.மீ., 12.2 கிலோ வித்தியாசம்.

தூண்களுக்குக் கான்கிரீட் ஃபயர்ப்ரூஃபிங் வரும் பகுதியானால், அந்தத் தடிமனையும் இப்போதே மாடலில் வைத்துவிடுங்கள். பின்னால் வந்தால் இந்த இணைப்புகள் எல்லாம் திரும்பப் பேசப்படும்.

துணை பீம்

ஐபிஈ 200, இரு குறுக்கு பீம்களின் வெப்புக்கு இடையே. 6000-இல் 7.1 போக 5992.9. இரு முனையிலும் 10 விட்டால் 5972.9. கீழே முழுமையாக்கி 5972 எடுங்கள், மேலே முழுமையாக்க வேண்டாம். இரண்டின் மேல்மட்டமும் 5000 என்பதால் துணை பீமின் மேல் ஃபிளேஞ்ச் பெரிய பீமின் ஃபிளேஞ்சில் இடிக்கும். நாட்ச் தேவை, அதாவது முனையின் மேல்மூலையை வெட்டி எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தது 10.7 ஃபிளேஞ்ச், 15 உள்வளைவு சேர்த்து 25.7, 30 எடுக்கலாம். நீளம் 75. இந்த நாட்ச்சை முனையைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். முனையை வெப் முகத்திலிருந்து 72-க்கு மேல் பின்னிழுத்தால் கிளாஷ் போய்விடும், ஆனால் வெப் எதிலும் சேராமல் தொங்கும். ஜாயிண்ட் வழியாகவோ ஃபிட்டிங் வழியாகவோ நாட்ச்சை மாடல் செய்வதே முறை.

நோடு, ஜாயிண்ட், ஃபிட்டிங்: நீட்டும்போது கூடவே நகர்பவை

பெரிய பீமின்மீது துணை பீம் சேரும் இடத்தில் செகண்டரி நோடு உருவாகும், அதற்குள் ஜாயிண்ட் இருக்கும். ஸ்டிஃப்னர் (விறைப்புத் தகடு) போன்றவை ஃபிட்டிங்காக இருக்கும். இவற்றின் இடம் இசட் டிஸ்டன்ஸ் என்ற எண்ணால், தொடக்க முனையிலிருந்து அளக்கப்படுகிறது.

நம் குறுக்கு பீமில் வடக்கு 1500-இல் ஒரு ஸ்டிஃப்னர் வேண்டும். தொடக்கம் 170 என்பதால் இசட் டிஸ்டன்ஸ் 1330. தூணை ஹெச்ஈபி 360 ஆக்குகிறார்கள். ஆழம் 360, பாதி 180. பீமின் புதிய தொடக்கம் 200, முடிவு 5800, நீளம் 5600. போஸ்-எஸ்ஸை நேராக மாற்றியபின் இசட் டிஸ்டன்ஸ் 1330 ஆகவே நின்றால் ஸ்டிஃப்னர் இப்போது 1530-இல். அதை 1300 ஆக்க வேண்டும். முடிவு முனையை மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. எனவே ஃபிட்டிங் நிறைந்த பீமில் ஒரு முனையை மட்டும் நீட்ட வேண்டியிருந்தால், அது தொடக்க முனையா என்று முதலில் பாருங்கள். தொடக்க முனையானால் நீட்டுவதற்கு முன் எல்லா இசட் டிஸ்டன்ஸையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாயிண்டுடன் இணைத்த முனைக்கு வெட்டுத் தளமும் கட்பேக்கும் (முனையைப் பின்னே குறைக்கும் அளவு) ஜாயிண்டிலிருந்து வருகின்றன. 10 மி.மீ. இடைவெளியை ஜாயிண்டின் கட்பேக்கில் ஒருமுறையும், கையால் −10 நீட்டி இன்னொரு முறையும் கொடுத்து 20 ஆக்கிவிடுவது நடக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள். தாங்கும் பீமை நகர்த்தியபின், இணைந்த பீம் தானாக வந்திருக்கும் என்று விட்டுவிடாமல் அதன் முனை ஆயத்தொலையைக் கேட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் திரும்ப இணையுங்கள்.

பிரேசிங்: அச்சைவிட்டு விலகாமல் குறைப்பது

நீளவாக்கில் இரண்டு தூண்களுக்கு இடையே 100 × 100 சதுரக் குழாய், ஜேயுஎஸ்எல் என்ஏ. கீழ் வேலைப்புள்ளி கிழக்கு 0, மட்டம் 350. மேல் வேலைப்புள்ளி தூண் அச்சும் பீம் அச்சும் சந்திக்கும் இடம்: கிழக்கு 6000, மட்டம் 4850. ஓட்டம் 6000, ஏற்றம் 4500, நீளம் சரியாக 7500. சாய்வு 36.87 டிகிரி. அச்சில் 100 போனால் கிடையாக 80, செங்குத்தாக 60.

கீழ்முனையில் கசெட்டுக்காக (இணைப்புத் தகடு) 250 குறைக்கிறோம். தூரம் கொடுத்து −250. புதிய தொடக்கம் கிழக்கு 200, மட்டம் 500. நேர்வெட்டில் குழாயின் மேல் மூலை கிழக்கு 170-இல் இருக்கும், தூணின் ஃபிளேஞ்ச் விளிம்பு 150-இல். 20 மீதி. கீழ் மூலை மட்டம் 460. பேஸ் பிளேட்டுக்கு மேலே 110. ஆங்கர் போல்ட்டின் நீட்சி அதைவிட அதிகமானால் இன்னும் குறைக்க வேண்டும்.

மேல்முனையிலும் அதே 250 போதும் என்று தோன்றும். போதாது. அச்சுமுனை மட்டம் 4700-க்கு வரும், அதுதான் பீமின் அடிமட்டம். குழாயின் மேல் மூலை அதைவிட 40 உயரம், பீமின் ஃபிளேஞ்சுக்குள் புகுந்துவிடும். 400 குறைத்தால் முனை கிழக்கு 5680, மட்டம் 4610. மேல் மூலை 4650, பீமுக்கு 50 இடைவெளி. மொத்த நீளம் 6850. இரு முனையிலும் ஒரே அளவு குறைக்கும் பழக்கம் பிரேசிங்கில் பலமுறை தவறும்.

இப்போது இதையே ஆயத்தொலையை எழுதிச் செய்தால் என்ன ஆகும்? கிழக்கு மதிப்பை மட்டும் இரு முனையிலும் 250 மாற்றி மட்டத்தை விட்டுவிட்டால் ஓட்டம் 5500, ஏற்றம் 4500, சாய்வு 39.29 டிகிரி. பிரேசிங்கின் அச்சு வேலைப்புள்ளிகளைக் கடந்து போவதில்லை. விசை ஒரு புள்ளியில் சந்திக்காமல் தூணுக்கு வளைவுத் திருப்பம் கொடுக்கும், அது கணக்கில் இல்லாதது. சாய்ந்த உறுப்பில் அச்சுவழி நீட்டல் கட்டளையைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

சாய்வு மாறிய உறுப்பின் முனை கோணலாகத் தெரிந்தால் டிஆர்என்எஸ், டிஆர்என்இ-ஐப் பாருங்கள். வெட்டுத் தளம் தனிப் பண்பு என்பதால் பழைய திசையையே பார்த்துக்கொண்டிருக்கலாம். முனையை நேர்வெட்டாக்கும் கட்டளையைக் கொடுத்தால் தளம் அச்சுக்குச் செங்குத்தாகிவிடும். நீளத்தை அளக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

சேனல், ஆங்கிள் போன்ற சமச்சீர் இல்லாத புரொஃபைல்களில் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றிப் புரட்டினால், கால்கள் பார்க்கும் பக்கமும் மாறிவிடும். புரட்டியபின் பேங் கோணத்தைச் சரிசெய்யாமல் நகர வேண்டாம்.

ஆய்வு மாடலுக்கு எப்போது அனுப்புவது

மேலே செய்த குறைப்புகள் எல்லாம் உண்மையான வெட்டு நீளத்துக்காக. ஸ்ட்ரக்சுரல் ஆய்வு மென்பொருளுக்கு வேண்டியது வேறு: பீம் அச்சும் தூண் அச்சும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். 170 குறைத்த பீமை அப்படியே ஏற்றுமதி செய்தால் அந்தப் பக்கம் முனைகள் காற்றில் நிற்கும். டிஓஎஸ் கோட்டை அச்சாக எடுத்துக்கொண்டால் 150 உயர வித்தியாசமும் சேரும். அதனால் ஆய்வு முடிந்து சைஸ்கள் உறுதியாகும்வரை கிரிட்டிலிருந்து கிரிட்டுக்கே விட்டுவைத்து, அதன் பிறகே முனைகளைக் குறைப்பது நல்லது. முன்கூட்டியே குறைத்துவிட்டு ஒவ்வொரு திருத்தத்திலும் நூற்றுக்கணக்கான முனைகளைத் திரும்ப நீட்டுவது வீண் வேலை.

வளைந்த உறுப்புகள்

வளைந்த உறுப்புகளுக்கு ஜென்செக் என்ற எலிமென்ட். இதில் இரு புள்ளிகளுக்குப் பதில் ஸ்பைன் என்ற பாதை, அதற்குள் வரிசையாகப் புள்ளிகளும் வளைவுகளும் இருக்கும். நீட்ட வேண்டுமானால் முதல் அல்லது கடைசிப் புள்ளியை நகர்த்த வேண்டும். வளைவை ஒட்டி நிற்கும் புள்ளியைத் தனியாக நகர்த்தினால் வளைவின் வடிவமே மாறும் என்பதால், வளைவுக்கு முன்னும் பின்னும் சிறு நேர்ப்பகுதி விட்டு, அந்த நேர்ப்பகுதியில் மட்டும் நீட்டுங்கள்.

வெளியிடும் முன் சரிபார்ப்பு

ஒரே கட்டளையில் பல உறுப்புகளை நீட்டும் முன் சேவ் ஒர்க் (உங்கள் மாற்றங்களைச் சேமிப்பது) கொடுத்துவிடுங்கள். அதற்கும் முன் கெட் ஒர்க் (மற்றவர்கள் சேமித்ததைப் பெறுவது), ஏனென்றால் தூணின் சைஸை இன்னொருவர் காலையில் மாற்றியிருக்கலாம். நீங்கள் பழைய ஃபிளேஞ்ச் முகத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பீர்கள். உறுப்பு மாற மறுத்தால் அதை வேறொருவர் கிளெய்ம் செய்திருக்கிறாரா (தன் வேலைக்காகப் பிடித்து வைத்திருக்கிறாரா) என்று பாருங்கள்.

பிறகு ஒரு பட்டியல் எடுங்கள்: உறுப்பு, சைஸ், ஜேயுஎஸ்எல், வேர்ல்டைப் பொறுத்த இரு முனைகள், நீளம். அதைக் கண்ணால் ஓட்டும்போது நான்கு விஷயங்கள் தானாகத் துருத்திக்கொண்டு வரும். தள பீமில் ஜேயுஎஸ்எல் என்ஏ என்று இருப்பது. இரு முனை மட்டமும் சமமில்லாத பீம். நீளம் சரியாக 6000 என்று இருப்பது, அதாவது இன்னும் குறைக்கப்படாதது. தசமத்தில் பின்னம் இழுத்துக்கொண்டு நிற்கும் நீளம். துணை பீமின் 5972 போல வேண்டுமென்றே முழுமையாக்கிய எண் அல்ல, 5659.87 போன்றது. இந்த நான்கையும் தீர்த்தபின் கிளாஷ் ஓட்டினால், வரும் அறிக்கையில் பைப்பும் ஸ்டீலும், கேபிள் டிரேயும் பிரேசிங்கும் மோதும் இடங்கள் தனியாகத் தெரியும்.